அப்டேட்டுக்குப் பிறகு டாக்பேக்கில் அழைப்பை எடுக்க முடியவில்லை: போன் கம்பெனி பொறுப்பா?

வேளச்சேரிவாசி:
ரிச்சி தெருவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன், வாரன்டியில் இருக்கிறது. பயன்படுத்துபவருக்கு முற்றிலும் பார்வை இல்லை. சிஸ்டம் அப்டேட் வந்ததிலிருந்து, அழைப்பு வரும்போது திரையில் எங்கே விரலை நகர்த்தினாலும் அழைப்பை எடுக்கும் பட்டனை டாக்பேக் (திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் வசதி) வாசிப்பதில்லை. "டாக்பேக் கூகுளோடது, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறது சர்வீஸ் சென்டர். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கம்பெனியைப் பிடிக்க முடியுமா?

திரைவாசிப்பான்:
சட்டம் இருக்கட்டும், முதலில் கோளாறு யாருடையது என்று பிரியுங்கள். டாக்பேக்கை பிளே ஸ்டோரில் அப்டேட் செய்துவிட்டு, வேறொரு டயலரை (அழைப்புக்கான ஆப்) இறக்கி அதை டீஃபால்ட் போன் ஆப் ஆக்குங்கள். வெளியிலிருந்து அழைக்கச் சொல்லுங்கள். அதில் பட்டன் வாசிக்கப்பட்டால் கோளாறு கம்பெனியின் சொந்த டயலரில்தான். கூகுள் மேல் பழிபோட வழியில்லை. டிசைனை மாற்றும்போது பட்டனை வெறும் ஸ்வைப் படமாக்கி, வாசிக்க ஒரு பெயர் (லேபிள்) கொடுக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். டாக்பேக்குக்குப் படம் தெரியாது, லேபிள்தான் தெரியும்.

போனை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இன்னொரு போனில் வீடியோ எடுங்கள். ஸ்கிரீன் ரெக்கார்டிங்கில் சில மாடல்களில் டாக்பேக் குரல் பதிவாகாது. டாக்பேக் எதில் நிற்கிறது என்று காட்டும் ஃபோகஸ் கட்டம் அந்தப் பட்டனில் உட்காராமல் தாண்டிப் போவது தெரிய வேண்டும், போன் சாஃப்ட்வேரின் பில்ட் நம்பரும் டாக்பேக் வெர்ஷனும்கூட. ரீசெட் போட்டுத் தந்துவிட்டால் அப்புறம் காட்ட எதுவும் இருக்காது. சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் ஷீட்டில் "சாஃப்ட்வேர் பிரச்சினை" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள்.

மயிலை வழக்கறிஞர்:
2016 சட்டத்தை நம்பி மட்டும் இறங்காதீர்கள். 42ஆவது பிரிவு அன்றாட மின்னணுச் சாதனங்கள் எல்லாருக்கும் ஏற்ற வடிவமைப்பில் கிடைக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதற்கான கடமையை அரசின் மேல்தான் வைக்கிறது, தயாரிப்பாளர் மேல் நேரடியாக அல்ல. 89ஆவது பிரிவில் முதல் மீறலுக்கு அபராதமே 10,000 ரூபாய் வரைதான். ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் அணுகல்தன்மை பற்றிய 15(1) விதியைச் செல்லாது என்று சொல்லி, கட்டாய விதிகளை 3 மாதத்தில் கொண்டுவர உத்தரவிட்டது. அமெரிக்காவில் 1996 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 255ஆவது பிரிவு தயாரிப்பாளரையே பிடிக்கும். ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் அதேபோல. இங்கே வாங்கிய போனுக்கு அவை பொருந்தாது என்றாலும், அதே மாடல் அங்கே விற்றால் நோட்டீஸில் ஒரு வரி சேர்க்கலாம்.

பணமோ மாற்றுப் போனோ வேண்டுமென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் வழி. விற்பவர் சொன்ன தரத்தில் குறை இருந்தாலே அது "குறைபாடு". அதனால் கம்பெனி இணையதளத்தில் திரைவாசிப்பு வசதி பற்றிப் பெருமையாகப் போட்டிருக்கும் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை தூக்கிவிடலாம். குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் ஒரு புகார் பதிந்து வையுங்கள்.

வேளச்சேரிவாசி:
கடைக்காரரையும் எதிர்த்தரப்பில் சேர்க்கணுமா?

மயிலை வழக்கறிஞர்:
சேருங்கள். பில் அவர் பெயரில்தானே இருக்கிறது. ஆனால் நோட்டீஸ் முதலில் கம்பெனிக்குப் போகட்டும், 15 நாள் கெடு கொடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் தனியாக ஒரு மனு அனுப்பலாம்; விசாரித்துப் பரிந்துரைப்பார், நஷ்டஈடு வாங்கித் தருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.