அடிக்கு மேல் அடி விழும்போது வாக்குத்தத்தத்தை எப்படி நம்புறீங்க?

கேள்வி:
எங்க ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். 2004 சுனாமியில அப்பாவோட படகு போச்சு. 2011 தானே புயல்ல கூரை. 2015 வெள்ளத்துல என் தையல் மெஷின். புத்தாண்டு ஆராதனையில கடவுளோட வாக்குத்தத்தம்னு எடுத்த எரேமியா 29:11 பைபிள் வசன அட்டை (‘உங்களைப் பத்தி நான் நினைக்கிறது தீமைக்கில்ல, சமாதானத்துக்குத்தான்’னு கர்த்தர் சொல்றது) அரிசி டப்பா மேல ஒட்டியிருக்கு, ஓரமெல்லாம் தண்ணிக்கறை. பார்த்தாலே அழுகை வருது.

பதில் 1:
அக்கா, முந்தின வசனத்தையும் வாசிங்க. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவங்களுக்கு எழுதின கடிதம் அது. விடுதலைக்கு எழுபது வருஷம் ஆகும்னு சொல்லிட்டுத்தான் கர்த்தர் சமாதானத்தைச் சொல்றார். அதுவரைக்கும் வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்கன்னும் அதிலேயே இருக்கு.

பதில் 2:
பண்ருட்டிப் பக்கம் எங்க முந்திரித் தோப்பும் தானேயில சாஞ்சுது. ரொம்ப நாள் ஜெபிக்க வாயே வரல. 13ஆம் சங்கீதம் மட்டும் வாசிப்பேன், ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’னு. இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

கேட்டவர்:
எழுபது வருஷத்தை இன்னைக்குத்தான் கவனிச்சேன். அட்டையைக் கிழிக்கல.