லோரிப் புகைக்குழாயில் சென்சார் வாய் பழுதானபோது: பட்டறை அனுபவங்கள்

பகாவ் பட்டறைக்காரர் எழுதியது:

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் பகாவ் பட்டணத்தில், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளைப் பழுதுபார்த்து வருகிறேன். டீசல் லோரிகளின் புகைக்குழாயில் வெப்பநிலை சென்சாரும், நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை அளக்கும் நாக்ஸ் சென்சாரும் திருகப்படும் வாய் பழுதானால், எப்படியாவது ஓட்டையை அடைத்துவிட்டால் போதும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஓட்டையை அடைப்பது வேறு, சென்சார் வாயைச் சீர்செய்வது வேறு என்பதை எனக்கு உணர்த்திய ஒரு லோரியைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அந்த லோரி, புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டியின் எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரிகிறது என்ற புகாருடன் வந்தது. ஆலையின் எடைமேடைக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போதுகூட ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, கரியை எரிக்கும் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. உரிமையாளர் வெப்பநிலை சென்சாரைப் புதிதாக மாற்றிப் பார்த்தும் பயனில்லை. சென்சாரின் மின்தடையை அளந்தேன். குளிர்ந்த நிலையில் ஏறக்குறைய 220 ஓம் காட்டியது. 0 டிகிரியில் 200 ஓம் இருக்க வேண்டிய பிளாட்டினம் வகைச் சென்சாருக்கு நம் ஊர் வெப்பத்தில் அது சரியான அளவுதான். ஆகவே சென்சாரில் குறை இல்லை.

குறை, அது அமர்ந்திருந்த இடத்தில் இருந்தது. இதற்கு முன் வேறு ஒரு பட்டறையில் சென்சார் வாயாக இருந்த பழைய மரைவளையத்தின் மரை கிழிந்துபோனதால் அதை அறுத்தெடுத்துவிட்டு, அதன் இடத்தில் சாதாரண இரும்பு நட்டு ஒன்றைப் பற்றவைத்திருக்கிறார்கள். மரை பொருந்தியது, புகையும் கசியவில்லை. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் அந்த நட்டு, அசல் வளையத்தைவிட உயரமாக இருந்ததால், சென்சாரின் முனை புகை ஓடும் நடுப்பகுதிக்குப் போகாமல் குழாய்ச் சுவரை ஒட்டியே நின்றுவிட்டது. சுவர் ஓரத்தில் ஓடும் புகை நடுவில் ஓடும் புகையைவிடக் குளிர்ந்திருக்கும் என்பதால், சென்சார் உண்மையான வெப்பத்தைக் குறைத்தே சொல்லிக்கொண்டிருந்தது.

இதன் விளைவை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கரியை எரிக்க வடிகட்டியின் நுழைவாயிலில் ஏறக்குறைய 550 முதல் 650 டிகிரி வரை வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை உண்டாக்க, புகைக்குள் கூடுதல் டீசல் செலுத்தப்பட்டு, வடிகட்டிக்கு முன்னால் உள்ள வினையூக்கியில் அது எரிகிறது. எவ்வளவு டீசல் செலுத்துவது என்பதை என்ஜின் கணினி இந்தச் சென்சாரைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறது. சென்சார் குறைத்துச் சொன்னால், கணினி இன்னும் டீசலைக் கொடுக்கும்; உள்ளே உண்மையான வெப்பம் அளவைத் தாண்டி, வடிகட்டியின் பீங்கான் கட்டை விரிசல் விடவும் உருகவும்கூட வாய்ப்புண்டு. சில மில்லிமீட்டர் உயரம் கூடிய ஒரு நட்டு, பல ஆயிரம் ரிங்கிட் விலையுள்ள வடிகட்டியை அழித்துவிடக்கூடும் என்பதை எண்ணும்போது இன்றும் எனக்குப் பதைப்பாகத்தான் இருக்கிறது.

வடிகட்டிக் கூட்டை முழுதாக இறக்கினோம். அந்த நட்டை அரைத்தெடுத்தபின், அதே கூட்டில் பழுதில்லாமல் இருந்த இன்னொரு வளையத்தின் உயரம், சாய்வு, உள்ளே கூம்பாக இருக்கும் இருக்கையின் ஆழம் ஆகியவற்றை அளந்து, அதே அளவில் ஸ்டெயின்லெஸ் கம்பியிலிருந்து புதிய வளையத்தைக் கடைசல் இயந்திரத்தில் செய்தோம். மரை அளவு எம் 14, அதாவது 14 மில்லிமீட்டர் விட்டம்; மரைகளுக்கு இடையே 1.5 மில்லிமீட்டர் இடைவெளி. வெப்பநிலைச் சென்சார்களில் பெரும்பாலானவை மரையால் அடைபடுவதில்லை, அடியில் உள்ள கூம்பு இருக்கையில் அழுந்தித்தான் அடைபடுகின்றன. எனவே மரையை மட்டும் சரிசெய்து இருக்கையை விட்டுவிட்டால் கசிவு தொடரும்.

பற்றவைப்பதற்கு முன், பழைய சென்சார் ஒன்றின் உடலை வெட்டியெடுத்து, மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசையைத் தடவி வளையத்திற்குள் திருகி வைத்தோம். வெப்பத்தில் வளையம் முட்டை வடிவமாகக் கோணிவிடாமல் அது தாங்கிக்கொள்ளும். புதிய சென்சாரை இந்த வேலைக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. கூட்டின் உடல் பெரும்பாலும் 409 ரக ஸ்டெயின்லெஸ்; நாம் கடையில் வாங்கும் கம்பி 304 ரகம். இரண்டும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை என்பதால், இரண்டையும் இணைக்க 309எல் பற்றவைப்புக் கம்பியைக் கொண்டு டிக் (டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் கொண்ட மின்வில்) முறையில், எதிரெதிர்ப் பக்கங்களில் சிறிது சிறிதாகப் பற்றவைத்தோம். உட்புறத்தில் ஆர்கான் வாயுவைச் செலுத்தியதால் பற்றவைப்பின் அடிப்பகுதி கருகாமல் வந்தது. மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, அந்தச் சென்சாரின் அளவு பக்கத்துச் சென்சாரின் அளவோடு சேர்ந்தே ஏறி இறங்கியது.

குளுவாங் உறுப்பினர் எழுதியது:

அண்ணன் எழுதியதைப் படித்ததும் எங்கள் உர லோரிகளின் நினைவு வந்தது. எங்கள் லோரிகள் செம்பனைத் தோட்டங்களுக்கு மூட்டை மூட்டையாகப் பொட்டாசியம் குளோரைடு உரத்தைக் கொண்டுசெல்பவை. சிந்திய உரத்தூள் மழைநீரோடு கரைந்து புகைக்குழாயின் மேல் வழிந்து காய்ந்துவிடுகிறது. குளோரைடு உப்பு ஸ்டெயின்லெஸ் இரும்பிலும் குழி குழியாக அரிப்பை உண்டாக்கும் என்பதால், இந்த லோரிகளில் நாக்ஸ் சென்சார் வாயோடு ஒட்டிக்கொண்டு வர மறுப்பதைக் குலை லோரிகளைவிட அதிகமாகவே காண்கிறோம். உரம் இறக்கிய அன்றே குழாய் ஆறியபின் நல்ல தண்ணீரால் கழுவிவிடும்படி ஓட்டுநர்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம். சூடாக இருக்கும்போது தண்ணீர் பட்டால் சென்சாருக்குள் உள்ள பீங்கான் வெடித்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை வரும் புஸ்பாகோம் வாகனச் சோதனைக்காக ஒரு லோரியைத் தயார்செய்யும்போது, நாக்ஸ் சென்சாரைச் சுற்றிக் கரும்புள்ளிகள் தெரிந்தன. அது கசிவின் அடையாளம். கழற்றும்போது முதல் இரண்டு மரைகள் சென்சாரோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிட்டன. மீதி மரைகள் நன்றாக இருந்ததால் வளையத்தை அறுக்காமல், எம் 20 மரையைத் துப்புரவு மட்டும் செய்யும் கருவியை, பற்களில் கெட்டியான கிரீஸ் தடவிக் கையால் மெதுவாக விட்டு எடுத்தோம். துகள்கள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். காந்தத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. 409 ரகத் துகளைக் காந்தம் இழுக்கும், 304 ரகத் துகளைச் சரியாக இழுக்காது. பிறகு தூசு உறிஞ்சும் இயந்திரத்தால் இழுத்தெடுத்தோம். இந்தச் சென்சார் மேல்முகத்தில் உள்ள வளையத் தட்டில்தான் அடைபடுகிறது என்பதால், அந்த முகத்தையும் சமமாகத் தேய்த்துவிட்டு, ஏறக்குறைய 50 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினோம்.

தெலுக் இந்தான் உறுப்பினர் எழுதியது:

நான் இத்தொழிலுக்குப் புதியவன். எங்கள் பட்டறையில் ஒரு குலை லோரியின் வெப்பநிலைச் சென்சார் அசையவே இல்லை. மூத்தவர் ஒருவர் சென்சாரின் மின்கம்பியை வெட்டிவிட்டு, அறுகோண சாக்கெட்டை முழுதாக இறக்கி, வளையத்தை மட்டும் சுடரால் சிவக்கச் சூடாக்கித் திருப்பினார். கொஞ்சம் இறுக்கிக் கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னுமாக அசைத்ததில் மரை கிழியாமல் வந்தது. எனக்கு இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன, ஐயா. கிழிந்த மரைக்குப் பதிலாகப் புது மரையாக நிற்கும் கம்பிச்சுருளை நுழைக்கும் முறையை நீங்கள் ஏன் குறிப்பிடவில்லை? லோரியிலேயே வைத்துப் பற்றவைக்க நேர்ந்தால் கணினிக்கு ஆபத்து உண்டா?

பகாவ் பட்டறைக்காரரின் மறுமொழி:

தம்பி, உங்கள் மூத்தவர் செய்தது முறையான வேலை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே விட்டு ஊறவைப்பது நல்லதுதான், ஆனால் சுடரைப் பிடிப்பதற்கு முன் அதைத் துடைத்துவிட வேண்டும். நம் லோரிகளின் அடிப்பகுதியில் காய்ந்த செம்பனை நாரும் இலைச்சருகும் சிக்கியிருக்கும். அவற்றையும் முதலில் அகற்றிவிட்டு, தண்ணீரையும் தீயணைப்புக் குப்பியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மின்கம்பியை வெட்டுவது, அந்தச் சென்சாரை எப்படியும் மாற்றப்போகிறோம் என்று முடிவான பிறகுதான். நாக்ஸ் சென்சாரும் அதன் சிறு கணினிப் பெட்டியும் சேர்த்து அளவு திருத்தப்பட்ட ஒரே உறுப்பு. வெட்டிய கம்பியை ஒட்டி மறுபடி பயன்படுத்த முடியாது.

கம்பிச்சுருளை நான் புகைக்குழாயில் விரும்புவதில்லை. அடுத்த முறை சென்சாரைக் கழற்றும்போது சுருளும் அதனோடு பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். சுருளின் தடத்தின் வழியே புகையும் கசியலாம். வளையத்தின் சுவர் போதிய தடிமனாக இருந்தால், துளையைப் பெரிதாக்கி உள்ளும் புறமும் மரை வெட்டிய முழுக்குழலைத் திருகி, அதன் விளிம்பைப் பற்றவைப்பது பரவாயில்லை. சுவர் மெல்லியதாக இருந்தால் வளையத்தையே மாற்றுவதுதான் என் முடிவு; நேரம் கூடுதலாகப் பிடித்தாலும் அந்த வேலை நிலைத்து நிற்கும்.

லோரியிலேயே பற்றவைக்க நேர்ந்தால், பேட்டரியின் இரு முனைகளையும் கழற்றிவிட்டு, புகைக்குழாய்ச் சென்சார்களின் இணைப்புகளையும் என்ஜின் கணினியின் இணைப்பையும் பிரித்துவிடுங்கள். வெல்டிங் இயந்திரத்தின் எர்த் பிடியைச் சட்டத்தில் எங்கோ மாட்டாமல், பற்றவைக்கும் இடத்திற்கு மிக அருகிலேயே, துரு நீக்கிய இடத்தில் மாட்டுங்கள். மின்னோட்டம் வேறு வழியாகச் சுற்றிப் போகாது. கூடியவரை கூட்டை இறக்கி வைத்துச் செய்வதையே நான் விரும்புகிறேன். அப்போது வாயைத் தரையை நோக்கித் திருப்பி வைத்து வேலை செய்யலாம், துகள் உள்ளே போகாது.

நாக்ஸ் சென்சாருக்குப் புதிய வாய் வைக்கும்போது, வசதியைப் பார்த்துக் குழாயின் அடிப்பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். அதன் உள்ளே உள்ள பீங்கான் ஏறக்குறைய 800 டிகிரிக்குச் சூடேற்றப்பட்டுத்தான் வேலை செய்கிறது. குழாயில் தேங்கும் நீர்த்துளி அதன் மேல் பட்டால் விரிசல் விடும். முனை கீழ்நோக்கிச் சாயும்படி, கிடைமட்டத்திற்கு மேலே குறைந்தது 10 முதல் 15 டிகிரி சாய்வு இருக்க வேண்டும். அசல் வாய் இருந்த இடத்திலேயே வைப்பதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது.

வேலை முடிந்தபின் இரவு முழுதும் லோரியை நிறுத்தி வைத்து, காலையில் என்ஜினை இயக்காமல் கணினியில் எல்லா வெப்பநிலைச் சென்சார்களையும் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். முனையின் ஆழம் தவறியிருந்தால் அது குளிர்ந்த நிலையில் தெரியாது. ஆகவே சுமையேற்றிய லோரியை மேட்டுச் சாலையில் ஓட்டி, கரி எரிப்பையும் ஒருமுறை முழுதாக நடத்தி, பக்கத்துச் சென்சாரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வண்டியை ஓட்டுநரிடம் ஒப்படையுங்கள்.