1984 அக்டோபர் 31: அப்போது பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி

வைகைக்கரையான்:
இந்திரா காந்தி சுடப்பட்ட அந்தப் புதன்கிழமையன்று நான் மதுரையில் பத்தாம் வகுப்பு மாணவன். மதியத்துக்குப் பின் பள்ளியை விட்டுவிட்டதும், வானொலியில் ஓயாமல் ஒலித்த சோக இசையும், நவம்பர் 3ஆம் தேதி பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் முன் தெருவே கூடி இறுதி ஊர்வலத்தைப் பார்த்ததும் தெளிவாக நினைவில் உள்ளன. ஆனால் அவரைச் சுட்டவர்கள் சீக்கிய மெய்க்காவலர்கள் என்பதற்காக அதே நாட்களில் தில்லியில் சீக்கியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டதை அப்போது அறிந்ததாக எந்த நினைவும் இல்லை. கல்லூரிக்குப் போன பிறகே தெரிந்துகொண்டேன். அந்தச் செய்தி நம்மிடம் வந்து சேரவில்லையா, அல்லது வந்தும் மனத்தில் தங்கவில்லையா?

காவிரிச்செல்வி:
நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒன்பதாம் வகுப்பு படித்தேன். காலை 9.20 மணியளவில் சுடப்பட்டவரின் மரணத்தை அகில இந்திய வானொலி மாலை 6 மணிக்குத்தான் முறைப்படி அறிவித்தது. பிபிசி அதற்கு முன்பே சொல்லிவிட்டது. இடைப்பட்ட நேரத்தில் எங்கள் ஊரில் பரவியது வேறொரு வதந்தி. எம்.ஜி.ஆர். அந்த மாதத் தொடக்கத்திலிருந்தே சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் இருந்ததால், கடைகள் அடைபடுவதைக் கண்ட பெண்கள் அவர்தான் போய்விட்டார் என்று எண்ணி அழத் தொடங்கினார்கள். அவரை நலம் விசாரிக்க அந்த மாதம்தான் இந்திரா காந்தி சென்னைக்கு வந்து போயிருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. தில்லிக் கலவரம் பற்றி வீட்டில் யாரும் பேசியதாக எனக்கும் நினைவில்லை. எங்கள் ஊரார் ஒரு சீக்கியரை நேரில் கண்டிருந்தால்தானே?

பழைய தில்லிவாசி:
நான் அப்போது தில்லியில் இருந்தேன், வயது 15. அப்பா மத்திய அரசு ஊழியர், ராமகிருஷ்ணபுரம் குடியிருப்பில் வீடு. இந்திரா காந்தியின் உடல் இருந்த எய்ம்ஸ் மருத்துவமனைக்கு வந்த, சீக்கியரான குடியரசுத் தலைவர் ஜெயில் சிங்கின் வண்டியின் மீதே அன்று மாலை கல் வீசினார்கள் என்றால் மற்றச் சீக்கியர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் முதல் நகரின் பல திசைகளிலும் புகை எழுந்தது. யமுனைக்கு அப்பால் திரிலோக்புரியில் நடந்தவைதான் மிகக் கொடியவை. வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடினார்கள். குடிநீரில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று வதந்தியைக் கிளப்பினார்கள். எங்கள் மாடியில் இருந்த சீக்கியக் குடும்பம் வாசலில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றி விட்டு எங்கள் வீட்டின் உள்ளறையில் தங்கியது. அம்மா சாம்பார் வைப்பதைக்கூட நிறுத்தாமல், கதவு தட்டுபவர்களிடம் "யாரும் இல்லை" என்று தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வைகைக்கரையான் ஐயா கேட்டதற்கு என் பதில் இது: செய்தி உங்கள் தெருவுக்கே வந்தது. தீன்மூர்த்தி மாளிகையில் உடல் வைக்கப்பட்டிருந்த காட்சியைத் தூர்தர்ஷன் காட்டியபோது, "ரத்தத்துக்கு ரத்தம்" என்று கூட்டம் இந்தியில் முழங்கியதும் சேர்ந்தே ஒலிபரப்பானது. மதுரையில் அதைக் கேட்டவர்களுக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் பட்டிருக்கும்.

சேலத்தான்:
எல்லாப் பழியையும் வானொலியின் மீதும் தொலைக்காட்சியின் மீதும் போடுவதை நான் ஏற்கவில்லை. ஊரடங்கு உத்தரவும் ராணுவம் வரவழைக்கப்பட்டதும் நாளேடுகளில் வந்தன. பதினாறு வயதில் நான் படித்துவிட்டு, துக்கத்தில் இருந்தவர்களின் கோபம் என்று அதை நியாயப்படுத்திக்கொண்டேன். பெரிய மரம் விழுந்தால் நிலம் அதிரத்தான் செய்யும் என்ற பொருளில் அந்த நவம்பர் 19ஆம் தேதி ராஜீவ் காந்தி பேசியதை வகுப்பில் பலரும் ரசித்தோம். தில்லியில் மட்டும் இறந்தவர்கள் 2,733 பேர் என்ற அரசுக் கணக்கு வெளிவரவே சில ஆண்டுகள் ஆயின. அதற்குள் நாம் வேறு கவலைகளுக்குப் போய்விட்டோம்.

வைகைக்கரையான்:
சேலத்தாரின் விளக்கம் சுடுகிறது, ஆனால் பொருந்துகிறது. தில்லி நண்பரே, அந்த மாடி வீட்டுக் குடும்பம் பிறகு என்னவாயிற்று?

பழைய தில்லிவாசி:
பொங்கலுக்கு முன்பே லூதியானாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். 2005இல் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டபோது அவர்கள் மகன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். 2018இல் அந்தக் கலவர வழக்கில் காங்கிரஸ் தலைவர் சஜ்ஜன் குமாருக்கு உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தபோது நான் அந்த மகனை அழைத்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பைத் தன் தந்தை பார்க்கவில்லை என்றார்.