கழுத்து வளையமா, ஐந்து பொற்காசா?

பழங்காசு: பிற்கால ரோமில் பதவியேற்புச் சடங்கு வெறும் நாடகம், படை விலைபோனது காசுக்குத்தான் என்று நேற்று இந்த மன்றத்தில் வடவாசல் எழுதியதைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. கி.பி. 360-இல் பாரிஸில் வீரர்கள் ஜூலியனைப் பேரரசராக்கக் கேடயத்தின் மேல் தூக்கி நிறுத்துகிறார்கள், சூட்ட மகுடம் இல்லை. மனைவியின் நகையைச் சூட்டலாம் என்கிறார்கள், மறுக்கிறார். குதிரை அணி என்கிறார்கள், அதையும் மறுக்கிறார். கடைசியில் மவுரஸ் என்ற கொடிவீரன் தன் கழுத்து வளையத்தைக் கழற்றி அவர் தலையில் வைக்கிறான். காசுப் பேச்சு அதற்கு அப்புறம்தான்.

வடவாசல்: அப்புறம் என்றால் எவ்வளவு அப்புறம் ஐயா? உடனேயே தலைக்கு ஐந்து பொற்காசும் ஒரு ராத்தல் வெள்ளியும் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

பழங்காசு: வளையம் முதலில், காசு அப்புறம். வரிசையை மாற்றாதீர்கள். 457-இல் கான்ஸ்டான்டினோபிளுக்கு வெளியே ஹெப்டோமோன் மைதானத்தில் முதலாம் லியோ பதவியேற்றபோது படைக்கொடிகள் தரையில் கிடந்தன. வளையம் அவர் தலையில் ஏறிய பிறகுதான் கொடிகள் நிமிர்ந்தன. அந்த நொடியில்தான் படை அவருடையது ஆனது.

வடவாசல்: லியோ கொடுத்ததும் அதே ஐந்து காசு, ஒரு ராத்தல் வெள்ளி. 491-இல் அனஸ்டாசியஸ், 518-இல் ஜஸ்டின், அதே தொகை. நூற்றைம்பது வருஷம் மாறாமல் நின்றது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

கேள்விக்குறி: ஜூலியனின் வீரர்கள் கொதித்ததே குடும்பத்தை விட்டுக் கிழக்கே போகச் சொன்னதால். 364-இல் பேரரசரான வாலன்டினியன் பேச வாயெடுத்ததுமே துணை அரசர் வேண்டும் என்று கூச்சல். ஒரு மாதத்தில் தம்பி வேலன்ஸை நியமித்தார். இதையெல்லாம் ஏன் இருவரும் தொடுவதே இல்லை?

பழங்காசு: அதற்குத் தனித் திரி தொடங்குங்கள். காசுதான் எல்லாம் என்றால் 193-இல் தலைக்கு 25,000 செஸ்டர்ஸ் நாணயம் என்று ஏலம் கேட்டுப் பதவி வாங்கிய டிடியஸ் ஜூலியானஸ் ஏன் சில வாரங்களில் கொல்லப்பட்டார்?

வடவாசல்: 193 பிற்கால ரோமா? நாணய எடை திரியிலும் இப்படித்தான் மாட்டிக்கொண்டதும் நூற்றாண்டு தாவினீர்கள்.

பழங்காசு: அந்தத் திரியில் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, எல்லோரும் பார்த்தார்கள். தொகை அத்தனை பேருக்கும் ஒன்றே என்றால் அது விலை இல்லை, அதுவும் சடங்கு. வளையம் முதலில்.

வடவாசல்: வெள்ளியை எடை போட்டு வாங்கிய வீரனிடம் போய் அது சடங்கு என்று சொல்லுங்கள்.

கேள்விக்குறி: வாலன்டினியன் பற்றிய என் கேள்விக்கு யாராவது பதில் சொல்வீர்களா?

பழங்காசு: வளையம் முதலில். நாளை அனஸ்டாசியஸின் சடங்கை வரிசையாக எழுதுகிறேன்.