0 சுத்தினால் டயல் ஆமை மாதிரித் திரும்புது

புறக்கோட்டையில ஒரு ஜிபிஓ 332 (பிரித்தானியத் தபால் திணைக்களத்தின்ர பழைய டயல் சுத்துற மாடல்) பேக்கலைட் போன் விலைக்கு இருக்கு; பேக்கலைட் எண்டால் அந்தக்காலத்து கெட்டி பிளாஸ்டிக். 0 சுத்தினால் திரும்ப 2 செக்கன் எடுக்குது. வாங்கலாமா?

பதில் 1: வெடிப்பு இல்லாட்டி வாங்குங்கோ. டயல் திரும்பேக்க இலக்கத்தை மின்துடிப்பா அனுப்பும், 0 க்கு 10 துடிப்பு. வேகம் செக்கனுக்கு 10 துடிப்பு, அதாவது 0 ஒரு செக்கன் அளவில திரும்பவேணும். அனேகமா பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். ஐசோபுரோப்பைல் அல்ககோலால துடைச்சு, அச்சுகளுக்கு ஊசிமுனையால மணிக்கூட்டு எண்ணெய் ஒரு துளி. வேகக்கட்டுப்பாட்டுக் கிண்ணத்துக்குள்ள எண்ணெய் போனால் உராய்வு குறைஞ்சு டயல் பறக்கும்.

பதில் 2: பேக்கலைட்டைத் தண்ணியில ஊறப்போடாதேங்கோ அண்ணை. மினுக்கம் தேஞ்ச இடத்தால பேக்கலைட்டில கலந்திருக்கிற மரத்தூள் ஈரம் இழுக்கும். குரல் அடைச்சால் கார்பன் மைக்கைக் கையில தட்டுங்கோ, உள்ள இருக்கிற கார்பன் துகள் கட்டிபட்டிருக்கும்.

பதில் 3: வீட்டில ஃபைபர் இணைப்போ? போனை ரவுட்டரில செருகினால் மணி அடிக்கும், பேசலாம். ஆனா பல ரவுட்டர் துடிப்பை எடுக்காது. துடிப்பை டோனாக்கிற (பட்டன் போன் மாதிரி ஒலியாக்கிற) கருவி இடையில வேணும்.