மறுபடியும் ‘லினக்ஸ் ஓர் அறிமுகம்’ பேச்சா?

வேர்ப்பயனர்:
போன சனிக்கிழமை நம் லினக்ஸ் பயனர் குழுக் கூட்டத்துக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன். இருபது பேர் இருந்தோம். பேச்சு: லினக்ஸ் ஓர் அறிமுகம், அதாவது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் கட்டற்ற இயங்குதளத்தின் கதை. பென்குயின் படம், 1991 ஆகஸ்ட் 25 அன்று லினக்ஸை எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் செய்திக்குழுவில் போட்ட கடிதம், ‘சும்மா பொழுதுபோக்குக்குத்தான்’ என்று அதில் அவர் சொன்னது, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மனின் தாடி, கடைசியில் உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று லினக்ஸ் வகைகளின் (டிஸ்ட்ரோ) ஒரு பட்டியல். மூன்று வருடத்தில் இதை ஆறாவது முறையாகக் கேட்கிறேன். பேசும் ஆள்தான் மாறுகிறார், ஸ்லைடு மாறுவதில்லை.

பேசிய தம்பியைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வரலாறெல்லாம் விக்கிப்பீடியாவிலேயே இருக்கிறது. அதைக் கேட்க ஒருவர் இரண்டு பஸ் மாறி வரவேண்டுமா? அறிமுகப் பேச்சை நிறுத்துவோம். கூட்டத்துக்கு ஒரு பிரச்சினை, அதை அக்கக்காகப் பிரித்துக் காட்டுவது என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம்சனி:
பேச்சாளர் பட்டியல் போடுகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒவ்வொரு மாதமும் ‘யார் பேசுகிறீர்கள்?’ என்று கேட்கிறேன். பத்து நாள் சத்தமே இருக்காது. கடைசியில் ஒரு கல்லூரிப் பையன் கை தூக்குவான். வாழ்க்கையில் முதல் முறை மேடை ஏறுகிறவன் தனக்குப் பயமில்லாத தலைப்பைத்தான் எடுப்பான். அவனிடம் போய், ‘இது ஆறாவது முறை, வேண்டாம்’ என்று சொல்லச் சொல்கிறீர்களா?

தவிர, அந்த இருபது பேரில் ஒன்பது பேர் புதுசு. வருகைப் பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் கடைசியாகப் பேசி இரண்டு வருடம் ஆகிறது என்பதும் அதிலேயே இருக்கிறது, சார்.

வேர்ப்பயனர்:
சரி, அந்தக் குத்து நியாயமானது, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த ஒன்பது பேருக்கும்தான் இந்தப் பேச்சால் என்ன பயன்? புதிதாக வருகிறவருக்கு வைஃபை வேலை செய்யாது, தமிழ்99 விசைப்பலகையை எங்கே போய்ச் சேர்ப்பது என்று தெரியாது. அவர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நாம் 1983இல் ஸ்டால்மன் தொடங்கிய ஜிஎன்யூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பந்தியில் உட்கார்ந்தவனுக்குச் சோறு போடாமல் நெல் விளைந்த கதை சொல்வது போல.

ஸ்லாக்வேர்_சித்தப்பா:
நெல் கதை தெரியாமல் சாப்பிட்டுப் போனவர்கள்தான் அடுத்த வாரமே வேறு ஹோட்டல் தேடுகிறார்கள். உரிமம் என்றால் என்னவென்று புரியாமல் உபுண்டு போட்டவர்கள் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று எனக்குத் தெரியும். அறிமுகப் பேச்சில் வரலாறு இருக்கத்தான் வேண்டும். டிஸ்ட்ரோ பட்டியலை வேண்டுமானால் தூக்குங்கள்.

புதுபூட்:
அந்த ஒன்பது பேரில் நானும் ஒருத்தி, அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன். பள்ளியில் தந்த அரசு மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் என்ற இந்திய டிஸ்ட்ரோ இருந்தது. அதை நான் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. என் லினக்ஸ் அனுபவம் அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால், முதல் முக்கால் மணி நேரத்தில் ஒரே ஒரு விஷயம்தான் மனதில் நின்றது: கட்டற்ற மென்பொருள் தரும் நான்கு சுதந்திரங்களையும் சுழியத்திலிருந்து எண்ணுகிறார்கள் என்பது. அது பிடித்திருந்தது. மற்றபடி தூக்கம் வந்தது, மன்னிக்கவும். பேச்சு முடிந்து டீ குடிக்கும்போது லாக்கோப்பு அக்கா தன் மடிக்கணினியில் ஒன்று காட்டினார்கள். அதை வீட்டுக்குப் போய் நானே செய்து பார்த்தேன்.

வட்டில் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளை, வட்டு நூறு சதவீதம் நிறைந்துவிட்டது என்கிறது. கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ கட்டளையைப் போட்டு எண்ணினால் பாதிகூட இல்லை. இரண்டில் எது பொய் சொல்கிறது என்று அக்கா கேட்டார்கள். இரண்டுமே பொய் இல்லை!

லாக்கோப்பு:
அது அலுவலகத்தில் ஒரு ராத்திரி என்னைப் படுத்திய விஷயம்மா, அதனால்தான் காட்டினேன். ஒரு சேவை, அதாவது பின்னணியில் ஓடும் நிரல், ஓயாமல் பதிவுக் கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கிறது. இடம் போதவில்லை என்று யாரோ அந்தக் கோப்பை ஆர்எம் கட்டளை கொடுத்து அழித்துவிட்டார்கள். அடைவிலிருந்து பெயர் போய்விட்டது, அதனால் டியூவின் கண்ணில் படாது. ஆனால் அந்தச் சேவை கோப்பைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும் வரை இயங்குதளத்தின் மையமான கர்னல் வட்டில் இருக்கும் இடத்தை விடாது. டிஎஃப் அதையும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்லும். பெயர்தான் செத்தது, உடம்பு கிடக்கிறது. திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையைப் போட்டால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டிவிடும். சேவையை மறுபடி தொடங்கினால் இடம் திரும்பி வந்துவிடும். தெரியாமல் அழித்த கோப்பாக இருந்தால், மறுபடி தொடங்குவதற்கு முன் ஓடும் நிரல்களின் விவரம் இருக்கும் ப்ராக் அடைவுக்குள் போய் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவுதான். பத்து நிமிடம் ஆனது.

வேர்ப்பயனர்:
இதைத்தான் நான் சொன்னேன்! இந்தப் பத்து நிமிடம் மேடைக்கு வராமல் டீக்கடைக்குப் போய்விட்டது.

இரண்டாம்சனி:
மேடைக்கு வாருங்கள் என்று நானும் அவர்களை நாலு முறை கூப்பிட்டேன். ‘இது ஒரு பேச்சா?’ என்று சிரித்துவிட்டார்கள். குறை தலைப்பில் மட்டும் இல்லை. ஒரு மணி நேரம், நாற்பது ஸ்லைடு இருந்தால்தான் பேச்சு என்று எல்லோருமே நினைத்து வைத்திருக்கிறோம்.

ஸ்லாக்வேர்_சித்தப்பா:
வட்டு நிறைந்த கதை நல்ல கதைதான். ஆனால் அது சர்வர் பார்க்கிறவர்களின் கதை. குழு முழுக்க இப்படிக் கட்டளைக் குறிப்புகளாகப் போனால் நம்மிடம் வருகிறவர்கள் சம்பளத்துக்கு உதவுவதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இந்த மென்பொருளை யார் எழுதுகிறார்கள், எப்படிப் பிழைக்கிறார்கள் என்று யார் சொல்வது?

2024 மார்ச்சில் நடந்த எக்ஸ்இசட் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் நுழைவு அரை வினாடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலர் கவனித்தார். துருவிப் பார்த்தால், சுருக்க மென்பொருளான எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது ரகசியமாக உள்ளே நுழைய ஒரு வழி. வைத்தது ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருடத்துக்கும் மேலாக உதவிக்கொண்டே நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு ஆள். பொறுப்பில் இருந்தவரோ கிட்டத்தட்டத் தனி ஆள், களைத்துப் போயிருந்தவர். உலகமே பயன்படுத்தும் ஒன்றை ஒருவர் சம்பளம் இல்லாமல் சுமந்துகொண்டிருந்தார். இதைச் சொன்னால் வரலாறும் உரிமமும் தானாகவே உள்ளே வந்துவிடும்.

இரண்டாம்சனி:
புதியவர்களுக்குப் புரியுமா? எஸ்எஸ்எச்சுக்கும் சுருக்க மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் கேட்டால், சில டிஸ்ட்ரோக்கள் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டிக்காகப் போட்ட ஒட்டு (பேட்ச்), அது இழுத்துவரும் நிரலகம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

புதுபூட்:
எஸ்எஸ்எச் என்றால் என்ன என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. ஆனால் அந்த அரை வினாடி புரிந்தது. யாரோ ஒருவருக்கு அது உறுத்தியிருக்கிறது. இதைத்தானே அந்த முக்கால் மணி நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும்?

வேர்ப்பயனர்:
சித்தப்பா, அடுத்த மாதம் இதை நீங்கள் பேசுங்கள். டிஎஃப், டியூ விஷயத்தை லாக்கோப்பு மேடம் பேசினால் ப்ரொஜெக்டர் பிடித்துக்கொண்டு நிற்கவும் தயார். இரண்டும் சேர்த்து ஒரு மணி நேரம். அறிமுகம் வேண்டாம்.

இரண்டாம்சனி:
இரண்டையும் பட்டியலில் போட்டுவிட்டேன், நாலரை மணிக்கு. ஆனால் நாலிலிருந்து நாலரை வரை அறிமுகம் இருக்கும். போன வாரம் பேசிய பையனே பேசுவான். வரலாறு ஐந்து நிமிடம்தான், மீதி நேரத்தில் வந்தவர்களின் கணினியைப் பார்ப்பான் என்று அவனிடம் பேசியிருக்கிறேன். அதை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

வேர்ப்பயனர்:
அப்போது நான் நாலரைக்கே வருகிறேன்.

இரண்டாம்சனி:
நாலுக்கே வாருங்கள், சார். அவன் ஒருவன்தான் இருக்கிறான். வைஃபை வேலை செய்யாத மடிக்கணினி குறைந்தது மூன்றாவது வரும்.

லாக்கோப்பு:
எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் யாராவது கொண்டுவந்தால்தான் நான் பேசுவேன். போன தடவை இருந்ததை யார் எடுத்துப் போனீர்கள்?