மறுமொழி: ‘தட நினைவு’ பஸ் ஓட்டுநருக்குத்தான் பொருந்தும்

> ‘ஸ்பேஷியல் மெமரி’க்குத் ‘தட நினைவு’ என வைக்கலாம். சுருக்கமானது, நாவில் நிற்கும்.

ஐயா, வணக்கம். எது எங்கே இருக்கிறது, அங்கே எப்படிப் போவது என்பதை மூளை வைத்திருக்கும் நினைவே ‘ஸ்பேஷியல் மெமரி’. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் நீங்கள் தந்த சொல் சுருக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூளை ஆய்வாளர் எலினார் மக்வயரின் ஆய்வுக்குள் அதை வைத்துப் பார்த்தால் இடறுகிறது.

2000-இல் அவர் லண்டனின் 16 டாக்சி ஓட்டுநர்களின் மூளையைப் படமெடுத்தார். நினைவுக்கும் வழியறிதலுக்கும் உதவும் மூளைப்பகுதியான ஹிப்போகாம்பசின் பின்பகுதி மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. லண்டன் நடுவிலுள்ள சேரிங் கிராஸைச் சுற்றி 6 மைலுக்குள் ஏறத்தாழ 25,000 தெருக்கள். அத்தனையும் தெரிந்தால்தான் டாக்சி உரிமம். தேர்வாளர் இரண்டு இடங்களைச் சொல்வார். எதிரே அமர்ந்தவர் வரைபடம் இல்லாமல், எந்தத் தெருவில் நுழைவது, எங்கே திரும்புவது என்று வாயாலேயே வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும்.

நாள் முழுக்க வண்டி ஓட்டுவதால் வந்த மாற்றமாக இருக்கலாமே? அந்த ஐயத்தைத் தீர்க்க, 2006-இல் அவர் குழு அதே நகரத்து பஸ் ஓட்டுநர்களோடு ஒப்பிட்டது. பின்பகுதி பெருத்திருந்தது டாக்சிக்காரர்களுக்குத்தான். பஸ்ஸுக்குப் போட்டு வைத்த வழி உண்டு. நம் ஊர் பஸ்ஸிலும் ‘தடம் எண்’ என்றுதானே எழுதுகிறோம்? ஆக, தட நினைவு பஸ் ஓட்டுநருடையது. மக்வயர் தேடியதோ, தடமே போடாத ஊரில் அந்தந்த நேரத்துக்கு வழி வகுக்கும் நினைவு. போதாக்குறைக்கு ‘நினைவுத்தடம்’ என்ற சொல் வேறு பொருளில் (நினைவு மூளையில் விட்டுச்செல்லும் பதிவு) ஏற்கெனவே புழங்குகிறது.

இதே இழையில் ஓர் அம்மையார் சொன்ன ‘இட நினைவு’ எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் டாக்சி ஓட்டிய ஆண்டுகளோடு ஒத்துப் பெருத்தது வலப்பக்கத்து ஹிப்போகாம்பசின் பின்பகுதி. ‘வலப்பக்கத்தில் இட நினைவு’ என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்! ‘வெளிசார் நினைவு’ என்றால் மாணவர் ராக்கெட்டைத்தான் நினைப்பார்.

என் முன்மொழிவு ‘அமைவிட நினைவு’. ஓசையில் உங்கள் சொல்லுக்கு ஈடாகாது. ஆனால் எது எங்கே, எதற்குப் பக்கத்தில் என்பது அதில் அடங்குகிறது. எலி ஓரிடத்துக்கு வந்தால் மட்டும் துடிப்பதாக மூளை ஆய்வாளர் ஜான் ஓகீஃப் 1971-இல் அறிவித்த உயிரணுவையும் ‘அமைவிட உயிரணு’ எனலாம்.

மோசர் இணையர் கண்டறிந்த, எலி நகரும்போது இடத்தின் பல புள்ளிகளில் துடிக்கும் ‘கிரிட் செல்’ என்ற உயிரணுவுக்குக் ‘கட்ட உயிரணு’ மட்டும் வேண்டாம். அது துடிக்கும் புள்ளிகள் சதுரக் கட்டமாக அமைவதில்லை, அறுகோண ஒழுங்கில் அமைகின்றன. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், சண்டைக்கு வருகிறேன்.